அக்கா மகள்

அத்தியாயம் 14

மருந்துக்கடைக்காரர் போன வாரம் போட்ட நிபந்தனையை மறந்திருக்க மாட்டீர்கள். தூசி ஒத்துக்காது என்று சிலர் சொல்வார்களே, அதே குரலில் "எனக்குக் குழந்தைங்க ஒத்துக்காது" என்றார். இந்த நாற்பத்து மூன்று வயதில் தன்னை ஒரு ஆள் திரும்பிப் பார்த்தாரே என்ற பூரிப்பில் இருந்த பெரியவள், சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பதிவுத் திருமணம். இன்று வெள்ளி.

நடுவில் ஒரு பன்னிரண்டு வயதுப் பெண்ணை எங்காவது சேர்த்தாக வேண்டும். எங்காவது என்ன எங்காவது, பெற்றவளிடம்தான். தங்கை பெற்றதை எட்டு வருஷம் வளர்த்தாயிற்று. இனி அவள் பாடு.

மிளகுக்கு இது எதுவும் தெரியாது. அப்படித்தான் பெரியவள் நம்பினாள். "ஒரு வாரம் கடற்கரை, உங்கம்மா நடத்துற லாட்ஜ்ல" என்று மட்டும் சொல்லியிருந்தாள். பிறந்தபோது கறுத்துச் சுருங்கிப் போயிருந்ததால் நர்ஸ் வைத்த பெயர் மிளகு. வளர வளர வாயும் அந்தப் பெயருக்குப் பொருத்தமாகவே அமைந்தது. ஆனால் இன்றைக்குப் பஸ்ஸில் அவள் வாயையே திறக்கவில்லை. கடைசி அரை மணி நேரத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பெரிம்மா, அவங்களைப் பாத்ததும் நான் போய் கட்டிப்பிடிக்கணுமா, இல்ல சும்மா நிக்கணுமா?"

"உனக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"எனக்கு ரெண்டுமே தோணுது."

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் போய் நின்ற இடத்தில் அதற்கு மேல் ரோடு இல்லை, மணல்தான். ஊர் என்று பார்த்தால் முப்பது வீடு, ஒரு கடை. கடைக் கதவில் 'திறந்திருக்கிறது' என்று பலகை தொங்கியது, கதவு பூட்டிக் கிடந்தது. கடைக்காரர் எதிர்மரத்தடியில் வலை ஊஞ்சலில் படுத்தபடி, "அவசரமா?" என்று கேட்டார். இல்லை என்றதும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். ஊர் முழுக்க இந்தக் கதைதான். யாருக்கும் எதற்கும் அவசரமில்லை. பெரியவளுக்கு மட்டும் நாலு மணி பஸ் இருந்தது. ஊருக்குத் திரும்ப அது ஒன்றுதான்.

அவள் போட்ட திட்டம் இது. மதியத்துக்குள் தங்கையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவது. மிளகு கடலில் ஆடிக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பஸ் ஏறிவிடுவது. அழுகையைப் பார்த்தால்தானே மனசு கேட்காது? பார்க்காவிட்டால் போயிற்று.

லாட்ஜ் வாசலில் படகுக்காரர் நின்றிருந்தார். சின்னவளின் இப்போதைய புருஷன். ஆறு வருஷமாகக் குடித்தனம். வெயிலில் காய்ந்த நெட்டை உடம்பு, கள்ளம் இல்லாத சிரிப்பு. வருகிறவர்களைப் படகில் ஏற்றி எதிரே தெரிகிற மணல்திட்டுக்குக் கூட்டிப்போய் வருவதும், இங்கே நாலு ரூமுக்கும் பெயர் எழுதிக்கொள்வதும் அவர் வேலை.

"வாங்கக்கா வாங்க. ரூம் மூணு உங்களுக்கு. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க. சொந்தக்காரங்கதான், ஆனா சாவி கொடுத்தா ரெஜிஸ்டர்ல ஏத்தணும். சனிக்கிழமை போலீஸ்காரர் வந்து பக்கம் பக்கமாப் பாப்பாரு. அவருக்கும் வேற வேலை இல்ல."

நீள நோட்டைப் பிரித்து, கட்டம் கட்டமாக, எழுதுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பெயர், வயது, ஊர் என்று வந்து கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது.

"உறவு... பாப்பா யாருக்கு என்ன வேணும்?"

அப்போதுதான் உள்ளேயிருந்து சின்னவள் வந்தாள். கை நிறையத் துவைக்கிற துணி. மிளகு ஒரு அடி முன்னால் வைத்தாள். கை லேசாக உயர்ந்துகூட விட்டது, கட்டிப்பிடிக்கத்தான்.

சின்னவள் பார்த்தாள். பார்த்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பி, "அக்கா பொண்ணு" என்றாள்.

"அக்கா மகள்" என்று சொல்லிக்கொண்டே அவர் அழகாக எழுதினார். எழுதி முடித்து மையை ஊதினார்.

மிளகின் கை கீழே இறங்கியது. மூக்குக்கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். அந்த இரண்டு வார்த்தையைப் படிக்க எவ்வளவு நேரமாகும்? அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாள் தங்கறீங்கன்னு போடட்டும்?"

"ஒரு வாரம்" என்றாள் பெரியவள்.

"சாயந்தரமே கிளம்பிடுவாங்க" என்றாள் சின்னவள், அதே மூச்சில்.

படகுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, அந்தக் கட்டம் சும்மா கிடக்கட்டும்" என்று நோட்டை மூடினார். பிறகு மிளகின் தலையில் கை வைத்து, "மூக்கும் முழியும் அப்படியே உங்கம்மாதான்" என்றார். பெரியவளைக் காட்டித்தான் சொன்னார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சித்தப்பா" என்றாள் மிளகு. 

பிறகு பெரியவளிடம் திரும்பி, "அம்மா, தாகமா இருக்கு" என்றாள். சின்னவளிடம், "சித்தி, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

எட்டு வருஷத்தில் பெரியவளை அவள் அம்மா என்று அழைத்ததில்லை. ஒரு தரம், மூன்றாம் வகுப்பில், காய்ச்சலில் உளறியபோது வந்தது. அதைப் பெரியவள் யாரிடமும் சொல்லாமல் பத்திரமாக வைத்திருந்தாள். இன்று அது எச்சில் இலை மாதிரி தெருவில் விழுந்து கிடந்தது.

சின்னவள் தண்ணீர் கொண்டுவந்தாள். "தாங்க்ஸ் சித்தி" என்று வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள் மிளகு.

சித்தப்பா என்ற ஒரு சொல்லில் படகுக்காரர் விழுந்துவிட்டார். "வா, மணல்திட்டுக்குப் போய்ட்டு வருவோம்" என்று அவளைப் படகில் ஏற்றிக்கொண்டார். படகு அலை தாண்டும்வரை அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள். "அம்மா! டாட்டா! சித்தி! டாட்டா!" கரையில் இருந்த ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள்.

லாட்ஜின் பின்பக்கம் துவைக்கிற கல். நாலு ரூமின் போர்வைகளும் அலசிக் கிடந்தன. தண்ணீர் கனத்த போர்வையை ஒரு ஆள் பிழிய முடியாது. அக்காவும் தங்கையும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து எதிர் எதிராக முறுக்கினார்கள். சின்ன வயதிலும் இப்படித்தான் முறுக்குவார்கள், யார் கை முதலில் விடுகிறதோ அவள் தோற்றாள்.

"எதுக்குக்கா வந்த? உண்மையச் சொல்லு."

"அவளை விட்டுட்டுப் போக."

"எத்தனை நாளைக்கு?"

"அவளுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும்."

சின்னவள் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை என்றதும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"திங்கக்கிழமை எனக்குக் கல்யாணம்" என்றாள் பெரியவள். "அவருக்குக் குழந்தை கூடாதாம். நாலு மணி பஸ்ல நான் போறேன். அவ தண்ணில இருக்கும்போது."

"சொல்லாமலா? நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

"நீ அவ தூங்கும்போது போன. நான் அவ குளிக்கும்போது போறேன். நம்ம குடும்பத்துல இதான் வழக்கம் போல இருக்கு."

போர்வை முறுக்கிலிருந்து தண்ணீர் கொட்டியது. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள்.

"முடியாதுக்கா. எனக்குப் பிள்ளையே பிறக்காதுன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். டாக்டர் சொன்னதா சொன்னேன். அன்னைக்கு அவர் என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதாரு. பரவாயில்லம்மா, எனக்கு நீ போதும்னாரு. ஆறு வருஷமா அந்த ஒரு பேச்சுலதான் என் பொழப்பு ஓடுது. இப்பப் போய், இந்தா இது நான் பெத்ததுன்னு காட்டவா?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவகிட்ட ஃபோன்ல பேசுவியே?"

"உன்கிட்ட பேசறேன்னு நினைச்சுட்டிருக்காரு."

"அவ அந்த அஞ்சு நிமிஷத்துக்கு வாரம் பூரா என்ன பேசணும்னு எழுதி வச்சுக்கறாடி."

சின்னவளின் முகம் ஒரு கணம் கலங்கியது. பெரியவள் அதைப் பார்த்தாள். அவ்வளவுதான், கலங்கிவிட்டாள், இனி ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தாள். ஆனால் சின்னவள் கலங்கியதோடு சரி.

"உன் கல்யாணம் உனக்குப் பெருசு. என் குடும்பம் எனக்குப் பெருசு. அவளைக் கூட்டிட்டுப் போயிடு. இல்லாட்டி ஏதாவது ஹாஸ்டல்ல போடு. காசு வேணும்னா நான் அனுப்பறேன்."

"எட்டு வருஷம் என் தலையில கட்டிட்டு இங்க காத்து வாங்கிட்டு இருந்தியே, வெக்கமா இல்ல?"

"இருக்கு. இருந்துட்டுப் போகுது."

பெரியவள் முனையைக் கை விட்டாள். போர்வை மணலில் விழுந்தது. இனி அதைத் திரும்ப அலச வேண்டும். சின்னவள் குனிந்து எடுத்தாள்.

படகு திரும்பியபோது மணி ஒன்று தாண்டியிருந்தது. படகுக்காரர் வாய் ஓயவில்லை. பாப்பா துடுப்புப் போட்டாளாம், பாப்பாவுக்கு ஆமை தெரிந்ததாம், பாப்பாவுக்குப் பயமே இல்லையாம். சோறும் வறுத்த மீனும் வைத்துக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அவர் முள் எடுத்து மிளகின் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லக்கா" என்றார் பெரியவளிடம். "இவளுக்கு அதுல ரொம்ப மனக்குறை. வெளிய சொல்ல மாட்டா."

சின்னவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாவம் சித்தி" என்றாள் மிளகு. "சித்தி நல்ல அம்மாவா இருந்திருப்பாங்க. இல்லம்மா?"

"பேசாம சாப்பிடு" என்றாள் பெரியவள்.

"சித்திக்குப் பிள்ளைங்கள ரொம்பப் பிடிக்கும்னு பாத்தாலே தெரியுதும்மா. எவ்வளவு ஆசையா என்னைப் பாக்கறாங்க."

படகுக்காரர் மனைவியின் முதுகைத் தடவிக் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த மேஜையில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான்.

சின்னவள் எழுந்து கை கழுவப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆனது. மிளகு ஈர உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று ரூம் மூன்றுக்குப் போனாள்.

பெரியவளுக்கு ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை. கண் சோதிப்பதிலிருந்து கண்ணாடியைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவதுவரை அவள் கைதான். தொழிலில் கெட்டிக்காரி. மிளகின் பெட்டியைக் கட்டும்போது அவளுக்கு ஒரே ஒரு கவலைதான் வந்தது. இந்த மணல்காட்டில் கண்ணாடி உடைந்தால் யார் செய்து தருவார்கள்? அதனால் கூடுதலாக மூன்று ஜோடி செய்தாள். வளர்கிற முகமாயிற்றே என்று ஒன்றைவிட ஒன்று பெரிய ஃப்ரேமாகப் பார்த்துப் போட்டாள். பெட்டியின் அடியில் துணிக்கு நடுவே சொருகினாள். அன்பாகத்தான் செய்தாள். ஒரு வாரச் சுற்றுலாவுக்கு யாரும் மூன்று ஜோடி கண்ணாடி எடுத்துப்போவதில்லை என்பது அந்தக் கெட்டிக்காரிக்கு உறைக்கவே இல்லை.

மிளகு வெளியே வந்தாள். முகத்தில் ஒரு பெரிய கறுப்பு ஃப்ரேம். காதில் நிற்காமல் மூக்கு நுனிக்கு வழுக்கிக்கொண்டு வந்தது.

"அம்மா, இது எனக்கு எந்த வயசுக்கு? பதினாலா, பதினஞ்சா?"

பெரியவள் எச்சில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு அடுத்த வருஷத்துக்குன்னு நினைக்கிறேன். அளவு எல்லாம் சரியாத்தான் போட்டிருக்க. நீ தப்பா அளக்க மாட்டியே."

படகுக்காரர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். "அம்மான்னா அம்மாதான். எவ்வளவு முன்யோசனை!"

"ஆமா சித்தப்பா. ரொம்ப."

"மிளகு, இங்க வா, உள்ள போய்ப் பேசலாம்" என்று பெரியவள் எழுந்தாள்.

"எதுக்கு? இங்கயே பேசலாம், எல்லாரும் நம்ம மனுஷங்கதானே." மிளகு படகுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "சித்தப்பா, நான் கொஞ்ச நாள் இங்க இருக்கட்டுமா? அம்மாவுக்குத் திங்கக்கிழமை ஒரு முக்கியமான வேலை இருக்கு. நான் கூட இருந்தா சரிப்படாது."

திங்கட்கிழமை! எப்படித் தெரியும்? எப்போது தெரியும்? பெரியவளுக்குத் தன் கடை நினைவுக்கு வந்தது. கடையின் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து மிளகு வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்தத் தடுப்பு வெறும் துணி. மருந்துக்கடைக்காரர் மெதுவாகப் பேசுகிற ஆளும் இல்லை. அப்படியானால் பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்துதான் ஏறியிருக்கிறாள். தெரிந்துகொண்டும் கட்டிப்பிடிக்கவா என்று கேட்டிருக்கிறாள். பெரியம்மா கை விட்டாலும் அம்மா இருக்கிறாள் என்று நம்பி வந்திருக்கிறாள்.

"இருக்கட்டுமா என்ன, இரு!" என்று படகுக்காரர் துள்ளினார். "லீவு முடியிற வரைக்கும் இரு. என்னம்மா, நீ என்ன சொல்ற?"

கை கழுவி வந்த சின்னவள் வாசற்படியில் அப்படியே நின்றாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வர வேண்டுமே. அக்கா மகள் நாலு நாள் தங்குவதற்கு எந்தச் சித்தி முடியாது என்பாள்? அவளே சொல்லி, அவரே எழுதி, மையும் காய்ந்தாயிற்று.

"அவ... அவ அம்மா இல்லாம இருக்க மாட்டா" என்றாள்.

"இருந்து பழக்கம் சித்தி" என்றாள் மிளகு.

இந்த இடத்தில் பெரியவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம், வா, நாம போகலாம் என்று. நாலே சொல். சொல்லியிருந்தால் மிளகு எழுந்து வந்திருப்பாள். அந்த வழுக்குகிற கண்ணாடிக்கு மேலாக அவள் பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்பது பெரியவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

பெரியவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது.

"சரி" என்றாள். "சித்தியத் தொந்தரவு பண்ணாம இரு."

மிளகு கண்ணாடியைக் கழற்றித் தன் பாவாடையில் துடைத்தாள். நிதானமாக, இரண்டு பக்கமும். பிறகு தன் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சரிம்மா" என்றாள்.

பஸ் வரைக்கும் வழியனுப்ப மூன்று பேரும் வந்தார்கள். படகுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பெரியவளின் பெட்டி சின்னது, ஒரு விரலில் தொங்கியது. "ஒரு வாரம்னு சொன்னீங்க, இதுல என்ன துணி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, பதிலை எதிர்பார்க்காமல் நடந்தார். சின்னவள் பத்தடி பின்னால், நடக்கத் தெரியாதவள்போல வந்தாள்.

பெரியவள் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தாள். நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. என்ன என்று தொட்டுப் பார்த்தால், நிம்மதி. அப்பாடா என்றிருந்தது. அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை, நினைத்ததைவிடச் சுலபமாக முடிந்தது. இப்படி ஒரு நிம்மதி தனக்கு வந்ததே என்று அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிம்மதி போகவில்லை.

மிளகு ஜன்னலுக்குக் கீழே வந்து கால் நுனியில் எம்பி நின்றாள். பெரியவள் குனிந்தாள். முத்தம் கொடுக்கத்தான் என்று நினைத்தாள்.

"பெரிம்மா" என்று காதோடு சொன்னாள் மிளகு. லாட்ஜுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக. "நீங்க நல்லா இருங்க."

நீங்க. எட்டு வருஷமாக நீ என்று பேசிய வாய்.

"என்னைப் பாக்க மட்டும் வராதீங்க. வந்தா இவங்க உனக்கு யாருன்னு கேப்பாங்க. எனக்குச் சொல்லத் தெரியாது."

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மிளகு விலகி, திரும்பிப் பார்க்காமல் படகுக்காரரிடம் போனாள். அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து காதைக் கொடுத்தார். மிளகு ஒரு கையை வாய்க்கு அணை வைத்துக்கொண்டு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். இன்னொரு கை நீண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த சின்னவளைக் காட்டியது.

யாரும் அவசரப்படாத அந்த ஊரில் சின்னவள் ஓடி வந்தாள். செருப்பு ஒன்று மணலில் மாட்டிக் கழன்றது. "அக்கா, பஸ்ஸ நிறுத்து! அக்கா!" என்று கத்தினாள்.

படகுக்காரர் நிமிர்ந்தார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுத்துவிட அவருக்கு இன்னும் தோன்றவில்லை. அவர் மனைவியைப் பார்க்கவில்லை. உண்மையா என்று கேட்பதுபோல நேராகப் பஸ்ஸை, பெரியவளைப் பார்த்தார்.

பெரியவள் ஜன்னலை இழுத்து மூடினாள்.